பாதியில் நின்ற கல்லூரிப் படிப்பு: கட்டணமில்லாமல் மீண்டும் சேர யாருக்குத் தகுதி, என்ன செய்ய வேண்டும்?

"ஒரு தடவை காலேஜை விட்டுட்டா அப்புறம் கவர்ன்மென்ட் சலுகை எதுவும் கிடைக்காது." தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வட்டாரத்தில் இந்தப் பேச்சைக் கேட்டே திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள் பலர். இதில் பாதிதான் உண்மை. படிப்பை இடையில் நிறுத்தியது மட்டும் கட்டணச் சலுகையைத் தட்டிப் பறிப்பதில்லை. நீங்கள் எந்த மாதிரி இடத்தில் மீண்டும் சேர்கிறீர்கள், எந்தச் சமூகப் பிரிவு, வீட்டு வருமானம் எவ்வளவு, பள்ளிப் படிப்பு எங்கே என்ற நான்கையும் பார்த்துத்தான் சலுகை முடிவாகிறது. திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது முதலாவதில். சேர்ந்த பிறகு "இது சுயநிதிப் பிரிவு, இதற்குச் சலுகை இல்லை" என்று தெரிந்தால் அந்த ஆண்டை மீட்க முடியாது.

ஆகவே விண்ணப்பத்தைத் தொடும் முன் பழைய கல்லூரியில் உங்கள் கணக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள்.

பழைய கல்லூரியில் நீங்கள் யார்?

ஆறு செமஸ்டரும் வகுப்புக்குப் போய் முடித்து, அரியர் மட்டும் நிற்கிறதென்றால் நீங்கள் இடைநின்றவரே அல்ல. மறுசேர்க்கை தேவையில்லை. தேர்வுக் கட்டணத்தைக் கட்டி அரியரை எழுதினால் போதும். இதற்கு உதவித்தொகையும் கிடையாது, அதைத் தேடி அலைய வேண்டாம். காலக்கெடு மட்டும் உண்டு. பட்டப்படிப்பின் வழக்கமான காலத்துக்கு மேல் 2 ஆண்டுகள் தரலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல். பொறியியலில் அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 4 ஆண்டுப் படிப்பை அதிகபட்சம் 14 செமஸ்டருக்குள், அதாவது 7 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். கெடு தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிப்பதுண்டு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டில் நின்றவர்கள் அதே கல்லூரியில் விட்ட செமஸ்டரில் இருந்து தொடர்வதுதான் மறுசேர்க்கை. முதல் செமஸ்டரிலோ இரண்டாவதிலோ விட்டவர்களும், விட்டு வெகுகாலம் ஆனவர்களும் புதிதாக முதலாம் ஆண்டில் சேர்வதே பல நேரம் சுலபம்.

இங்கே மயிலாடுதுறை மாவட்டத்தவர்களுக்கு ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. அந்தப் பகுதிக் கல்லூரிகள் முன்பு திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்தன. இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பழைய பதிவு எண் பாரதிதாசனுடையது என்றால், கல்லூரிக் கட்டடம் அதேதான், ஆனால் உங்கள் மதிப்பெண்ணும் அரியரும் திருச்சிக் கணக்கில் இருக்கும். மறுசேர்க்கை கேட்கும்போது எந்தப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் தேவை என்று கல்லூரி அலுவலகத்தில் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

மறுசேர்க்கையா, புதுச் சேர்க்கையா?

மறுசேர்க்கையின் நன்மை காலம் மிச்சம். முடித்த செமஸ்டர்களை மீண்டும் படிக்க வேண்டாம். தடைகளும் உண்டு. அந்த வகுப்பில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் காலியிடம் இருக்க வேண்டும். பாடத்திட்டம் மாறியிருந்தால், நீங்கள் படித்திராத தாள்களைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். செமஸ்டரின் நடுவில் வருகைப்பதிவு போதாமல் நின்றிருந்தால் அந்தச் செமஸ்டரை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

நடைமுறை இப்படிப் போகும். முதல்வருக்கு மனு, துறைத் தலைவரின் பரிந்துரை, நூலகம், விடுதி, அலுவலகத்தில் பாக்கி இல்லை என்ற சான்று, பழைய மதிப்பெண் பட்டியல்களின் நகல், இடைவெளிக்கான காரணம். கும்பகோணம் அரசு ஆடவர் கலைக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியிலேயே என்பதால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடியும். தன்னாட்சி இல்லாதவற்றில் கோப்பு பல்கலைக்கழகம் வரை போய்த் திரும்ப வேண்டும். செமஸ்டர் தொடங்கும் நாளில் மனுவைக் கொடுத்தால் ஒப்புதல் வருவதற்குள் வருகைப்பதிவு ஓடிவிடும். குறைந்தது 2 மாதம் முன்பே கொடுங்கள். பொறியியல் மாணவர்கள் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். அவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், அண்ணா பல்கலைக்கழகம் என்று இரண்டு வாசல்.

சலுகைக் கண்ணோட்டத்தில் ஒரு விதியை மனதில் வையுங்கள். மறுசேர்க்கையில் பழைய இடத்தின் தன்மை அப்படியே தொடரும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்து விட்டவர் மறுசேர்க்கையிலும் மேனேஜ்மென்ட் கோட்டாதான். சுயநிதிப் பிரிவில் இருந்தவர் சுயநிதிதான். ஆக, தனியார் கல்லூரியில் முதலாம் ஆண்டோடு நின்றவர் அங்கேயே தொடரக் கடன் வாங்குவதைவிட, ஓராண்டை விட்டுக்கொடுத்து அரசுக் கல்லூரியில் முதலாம் ஆண்டில் சேர்வது பண விஷயத்தில் பல மடங்கு மேல். இரண்டு ஆண்டு முடித்தவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எங்கே கட்டணம் இல்லை?

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் யாருக்கும் கிடையாது. சாதி, வருமானம், எத்தனை ஆண்டு இடைவெளி எதுவும் இதற்குத் தடையில்லை. தஞ்சாவூர் மன்னர் சரபோஜி, குந்தவை நாச்சியார், கும்பகோணத்தின் ஆடவர், மகளிர் கல்லூரிகள், திருவாரூர் திரு.வி.க., மன்னார்குடி ராஜகோபாலசாமி, மயிலாடுதுறை தருமபுரம் ஞானாம்பிகை மகளிர் கல்லூரி எல்லாம் இந்த வகை. கட்ட வேண்டியது சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவைதான். ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தச் சில ஆயிரத்தையும் திரும்பப் பெற வழி இருக்கிறது. பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்கள் அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் 3 ஆண்டு இளங்கலை படித்தால் இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பு இல்லாமல் உதவித்தொகை உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

உதவிபெறும் கல்லூரிகளில்தான் கண் கூர்மையாக வேண்டும். பூண்டி புஷ்பம், மன்னம்பந்தல் ஏ.வி.சி. மாதிரியான கல்லூரிகளில் அரசு உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் நடக்கும். ஒரே பி.காம். இரண்டு பிரிவிலும் இருக்கலாம், கட்டணம் வேறு, சலுகை வேறு. "உதவிபெறும் கல்லூரிதானே" என்று நம்பிச் சுயநிதி இடத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். சேர்க்கைச் சீட்டில் பிரிவு என்ன என்று எழுத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

எஸ்.சி., எஸ்.டி., மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு வழி இன்னும் அகலம். பெற்றோர் வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை, கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் கிடைத்த இடத்துக்கும் பொருந்தும். எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய விதியில் மேனேஜ்மென்ட் கோட்டா சேர்க்கைக்கு இது கிடையாது. திரும்பி வருபவர்கள் கவனிக்க வேண்டிய விதிகள் இந்தத் திட்டத்தில்தான் அதிகம்:

ஒரு கட்டப் படிப்பை *முடித்துவிட்டு* அதே கட்டத்தில் வேறு பாடம் படித்தால் தொகை இல்லை. பி.ஏ. பட்டம் வாங்கியவர் பிறகு பி.காம். சேர்ந்தால் தகுதி போய்விடும். பி.ஏ.வைப் பாதியில் விட்டவர் பி.காம். சேர்ந்தால் இந்த விதி தாக்காது, அவர் எதையும் முடிக்கவில்லை. அலுவலகத்தில் இரண்டையும் குழப்பி "ஏற்கெனவே டிகிரி படிச்சவர்" என்று ஒதுக்கினால், டிசியில் எந்த வகுப்போடு விலகினார் என்ற வரியைக் காட்டுங்கள்.

தொகை வாங்கிய ஆண்டின் நடுவில் படிப்பை நிறுத்தியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. எல்லாரிடமும் கேட்பார்கள் என்றில்லை. ஆனாலும் முன்பு வாங்கியதை மறைத்து எழுதாதீர்கள், ஆதார் எண்ணில் எல்லாம் தெரியும்.

இடையில் வேலைக்குப் போய்விட்டு, வேலையில் இருந்துகொண்டே படிக்க வருபவர் தன் சம்பளத்தையும் பெற்றோர் வருமானத்தோடு கூட்டிப் பார்க்க வேண்டும். திருமணமாகி வேலையில்லாத பெண்ணுக்குப் பெற்றோரல்ல, கணவரின் வருமானமே கணக்கு. அப்பா பெயரில் வாங்கிய சான்றோடு வந்து திரும்பிப் போகும் பெண்கள் உண்டு, ஆகவே இதை முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் இன்னும் இரண்டு வாய்ப்புகள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. இந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருப்பதால் கடலோரப் பிள்ளைகள் இதைத் தவறவிடக் கூடாது. அடுத்தது முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என்று குடும்பத்தில் எவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அண்ணன் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்காமல் நின்றவர் என்றால் அவர் பட்டதாரி அல்ல. ஆனால் அக்கா இதே சலுகையில் இப்போது படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. இது கலந்தாய்வு வழிச் சேர்க்கைக்கு மட்டும், கல்விக் கட்டணத்துக்கு மட்டும்.

மாதம் 1,000 ரூபாய்: இடைநிற்றல் என்ற சொல்

புதுமைப் பெண் திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். மூவலூர் வேறெங்குமில்லை, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான். 2022 செப்டம்பரில் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில் வந்தது.

திட்டத்தின் வாசகமே "இடைநிற்றல் இன்றி" படித்து முடிக்கும் வரை என்கிறது. படிப்பை நிறுத்திய மாதங்களுக்குப் பணம் வராது, பின்னால் சேர்த்தும் தர மாட்டார்கள். மீண்டும் சேரும்போது கல்லூரியின் பொறுப்பாசிரியர் வழியாகப் பெயரைப் புதிதாகப் பதிய வேண்டும், தானாகத் தொடராது. அஞ்சல்வழிப் படிப்புக்கு இந்தத் தொகை கிடையாது. "வேலைக்குப் போய்க்கிட்டே தபால்ல படிக்கிறேன், ஆயிரமும் வரட்டும்" என்ற கணக்கு நடக்காது.

காகிதங்கள்: எது எங்கே சிக்கும்

டிசி. பழைய கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் எங்கும் நகர முடியாது. "மீதி ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையின்படி அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது, படிக்காத செமஸ்டருக்கு முன்கூட்டிக் கட்டணம் வசூலிக்கவும் கூடாது. முதலில் முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் கேட்டது எங்கும் நிற்காது. பதில் இல்லையென்றால் அந்த நகலோடு கலை அறிவியல் கல்லூரி என்றால் தஞ்சாவூரில் உள்ள கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம், பொறியியல் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். படித்து முடித்த செமஸ்டரின் உண்மையான பாக்கி வேறு விஷயம், அதைத் தவணையில் தீர்க்கப் பேசுவதே புத்திசாலித்தனம்.

யுமிஸ் எண். பள்ளியில் எமிஸ் போல, கல்லூரி மாணவர்களுக்கு யுமிஸ். உதவித்தொகை விண்ணப்பம் முழுதும் இதன் வழியாகத்தான். பழைய கல்லூரி உங்கள் பெயரை நீக்காமல் "படிக்கிறார்" என்றே வைத்திருந்தால் புதிய கல்லூரியில் பதியும்போது இடிக்கும். டிசி வாங்கும் நாளிலேயே யுமிஸில் விலகியதாகப் பதிவு செய்துவிட்டார்களா என்று எழுத்தரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். டெல்டாவில் இதற்கு ஒரு பருவப் பிரச்சினை உண்டு. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மே, ஜூனில்தான் ஜமாபந்தியும், அதாவது கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கையும் நடக்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கும் ஆண்டென்றால் குறுவை வேலையும் கூடவே ஆரம்பித்துவிடும். கிராம நிர்வாக அலுவலர் தாலுகா ஆபீசில் இருப்பார், உங்கள் மனு வரிசையில் இருக்கும். ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். நிலம் தாத்தா பெயரில் கூட்டுப்பட்டாவாக இருந்தால் மொத்தப் பரப்பையும் உங்கள் அப்பா கணக்கில் போட்டுவிடும் வாய்ப்பு உண்டு. எத்தனை பங்காளி, உங்கள் பங்கு எத்தனை மா என்பதை வாரிசு விவரத்தோடு எழுதிக் கொடுங்கள். குத்தகைச் சாகுபடி என்றால் அதையும் சொல்லுங்கள். முதல் தலைமுறைச் சான்றுக்கும் இதே மையம், இதே நேரத்தில் சேர்த்தே போட்டுவிடலாம்.

தொலைந்த சான்றுகள். 2018 கஜா புயலில் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் கூரையோடு மதிப்பெண் பட்டியலும் போனவர்கள் இன்னும் நகல் வாங்காமல் இருக்கிறார்கள். முதலில் டிஜிலாக்கரில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காவல்துறை இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததாகப் பதிந்து அந்தச் சீட்டோடு படித்த பள்ளியை அணுகுங்கள். இரண்டாம் நகல் வர மாதக்கணக்கில் ஆகும்.

வங்கிக் கணக்கு. எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். உதவித்தொகை நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு வருவதில்லை, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கு வரும். திருப்பூரில் கம்பெனி திறந்துகொடுத்த சம்பளக் கணக்கு ஆதாரில் இருந்தால் பணம் அங்கே போய் உட்காரும். 2 ஆண்டு வரவுசெலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். பள்ளியில் திறந்த கணக்கு 18 வயதுக்குப் பிறகு கேஒய்சி புதுப்பிக்காமல் முடங்கியிருக்கும். ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்து, வேண்டிய வங்கிக்குப் போய் இணைப்பை மாற்றி, 100 ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

இடைவெளி விளக்கம். முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழி போதும். வேலைக்குப் போனேன், அப்பா உடம்பு சரியில்லை என்று இருப்பதை எழுதுங்கள். அந்தக் காலத்தில் வேறெந்த முழுநேரப் படிப்பிலும் இல்லை என்ற வரி மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

சேர்க்கை நாட்காட்டி

1. ஏப்ரல்: டிசி, வருமானம், முதல் தலைமுறைச் சான்று, வங்கி இணைப்பு. மறுசேர்க்கை மனு கொடுப்பவர்களும் இப்போதே.

2. மே, பிளஸ் டூ முடிவு வந்ததும்: அரசுக் கல்லூரிகளுக்கான பொது இணையதளத்தில் விண்ணப்பம். சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். கைவசம் கணினி இல்லையென்றால் அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் இருக்கும். அந்த ஆண்டுக் கையேட்டில் வயது வரம்புப் பத்தியை முதலில் படியுங்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள் தளர்வு இருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள்.

3. ஜூன்: கலந்தாய்வு. ஒரே பாடத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். கணினி அறிவியலும் பி.காமும் முதல் நாளே நிரம்பும். பிற துறைகளில் ஜூலை, ஆகஸ்ட் வரை காலியிடம் இருப்பதுண்டு. மறுசுற்று அறிவிப்பு கல்லூரிப் பலகையில்தான் முதலில் ஒட்டப்படும்.

4. சேர்ந்த வாரமே: யுமிஸ் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், பஸ் பாஸ். அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம்.

விடுதி வேண்டுமென்றால் பி.சி., எம்.பி.சி. நல விடுதிகளில் உணவும் தங்கலும் இலவசம். வருமானம் 2,50,000 ரூபாய்க்குள், வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு மேல். தூர விதி பெண்களுக்குக் கிடையாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளும் உண்டு.

கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளில் சிறப்புக் கட்டணத்தை முதலில் வாங்கிவிட்டு உதவித்தொகை வந்த பிறகுதான் சரிக்கட்டுவார்கள். ரசீதைத் தொலைத்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வயதும் இடைவெளியும் மிகுந்துவிட்டால்

பட்டப்படிப்புக்கு வழி அடைபட்டவர்களுக்கு அரசு ஐ.டி.ஐ. நல்ல கதவு. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, தகுதியிருந்தால் மேலே சொன்ன 1,000 ரூபாயும். ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வயதே இல்லை. தஞ்சாவூரிலும் நாகையிலும் நிலையங்கள் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் படி உண்டு. சுற்றுவழிதான், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அரசு இடத்தைப் பிடித்தால் கல்விக் கட்டணம் உங்களை நெருக்காது.

கல்வி உதவித்தொகையை இழந்து கல்லூரியைவிட்டு வெளியேறியவர்கள் காவிரிக் கரைக்குப் புதிதல்ல. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர மற்ற பாடங்களில் தவறி அதை இழந்தார். அன்று ஒரே உதவித்தொகை, போனால் போனதுதான். இன்று ஒன்று போனால் இன்னொன்றுக்கு விண்ணப்பம் போட முடியும். ஒரு நிபந்தனை: பெரும்பாலான தொகைகள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை, போன ஆண்டு வந்ததால் இந்த ஆண்டு தானாக வராது. அக்டோபரில் ஒருமுறை யுமிஸ் நிலையைப் பாருங்கள். "கல்லூரி நிலையில் நிலுவை" என்று நின்றால் எழுத்தரின் மேசையில்தான் நிற்கிறது, அன்றைக்கே போய்க் கேளுங்கள். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பா நடவுக்காக அக்டோபரில் 10 நாள் வீட்டில் நிற்பவர்கள், முன்கூட்டியே விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு நில்லுங்கள்.